பரம்பரை மீது போட்ட பழி

ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் கிளினிக் நாளன்று அளந்து பார்த்த பிள்ளையின் உயரம் கோட்டுக்குக் கீழே விழுந்தால், அதற்கு ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். "எங்க ஆளுங்க எல்லாருமே கட்டைதானே, பரம்பரை அப்படி." தாய் சொல்வாள், கூட வந்த பாட்டி சொல்வாள், சில வேளை அளந்தவரே சொல்லிவிடுவார். யாரும் யாரையும் குறை சொல்லாமல் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எல்லாருக்கும் இவ்வளவு வசதியாக இருக்கும் ஒரு விளக்கத்தைச் சந்தேகிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் வசதியாக இருக்கிறது என்பதனால் மட்டும் ஒரு கருத்து பொய்யாகிவிடாது. பிறப்புரிமையியல் இன்று சொல்வதை வைத்து அதை நேர்மையாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் எண்கள். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்குரிய உயரத்தை எட்டாதவர்கள் 17.3 வீதம். பெருந்தோட்டத் துறையை மட்டும் எடுத்தால் 31.7 வீதம். மாவட்டங்களில் நுவரெலியாவின் நிலையே மிக மோசம். எட்டாதவர்கள் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சிக் கோட்டில் சராசரியிலிருந்து இரண்டு நியம விலகலுக்கும் கீழே நிற்பவர்கள். எந்தக் குறையும் இல்லாத சமூகத்திலும் 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் அங்கே இருப்பார்கள். கட்டையாகப் பிறந்து, கட்டையாகவே ஆரோக்கியமாக வாழ்ந்து முடிப்பவர்கள் அவர்கள். மூன்றில் ஒரு பிள்ளை அங்கே நிற்பதற்கும் மரபணுதான் காரணமா என்பதே வழக்கு.

பாட்டி சொல்லும் இதே விளக்கத்தைப் படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013 மே மாதம் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் இந்தியப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆபிரிக்காவின் பல நாடுகளை விட இந்தியாவில் சிசு மரணம் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் உயரத்தை அளந்தால் மட்டும் இந்தியப் பிள்ளைகள் பின்னுக்கு நிற்கிறார்கள். கேரளத்தையும் செனகலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மற்ற எல்லாவற்றிலும் முந்திய கேரளம் உயரத்தில் மட்டும் பிந்துவானேன்? அளவுகோல்தான் பிழை, எல்லா மக்களுக்கும் ஒரே மரபணுத் திறன் என்று அது எண்ணிக்கொள்கிறது என்பது அவருடைய முடிவு. இரண்டு வருடம் கழித்து அவர் நிதி ஆயோக்கின் முதல் துணைத் தலைவரானார். ஆகவே இதை ஓரத்தில் நின்ற ஒருவரின் கருத்து என்று தள்ளிவிட முடியாது. எங்கள் தோட்டங்களிலும் சிசு மரணம் வெகுவாகக் குறைந்த பிறகும் உயரம் மட்டும் பின்தங்கி நிற்கிறது. அவருடைய வாதம் இந்த மலைக்கும் அப்படியே பொருந்துவதுபோலத் தெரியும்.

பரம்பரைக் கட்சிக்குக் கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுவோம். உயரம் பரம்பரையாக வருகிறது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. 1866இல் வெளிவந்த மெண்டலின் கட்டுரையில் பட்டாணிச் செடியின் உயரமும் ஒரு பண்பு. நெட்டையையும் குட்டையையும் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அவற்றைத் தமக்குள்ளேயே கருக்கட்ட விட்டபோது 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்துபோனதாகத் தோன்றிய குட்டைத்தன்மை கரைந்துவிடவில்லை, பின்னிடைவாக உள்ளே இருந்து பேரப்பிள்ளையில் வெளியே வந்தது. மனித உயரம் இப்படி ஒற்றை மரபணுவால் ஆவதல்ல. 1886இல் பிரான்சிஸ் கால்டன் 205 குடும்பங்களின் 928 வளர்ந்த பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார். நெட்டைப் பெற்றோரின் பிள்ளைகள் நெட்டைதான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. கட்டைப் பெற்றோரின் பிள்ளைகள் கட்டைதான், ஆனால் அவ்வளவு கட்டை இல்லை. மெண்டலின் துண்டு துண்டான அலகுகளும் கால்டனின் வழுக்கிச் செல்லும் அளவுகளும் எப்படி ஒத்துப்போகும் என்பதை 1918இல் ஆர்.ஏ. ஃபிஷர் தீர்த்துவைத்தார்: பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளித் துளி. அந்தப் 'பல' எத்தனை என்பது 2022இல் தெரிந்தது. சுமார் 54 இலட்சம் பேரின் மரபணுத் தரவில் உயரத்தோடு தொடர்புடைய 12,111 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. இரட்டையர் ஆய்வுகள், வளர்ந்தவர்களிடையே உயர வேறுபாட்டின் 80 வீதம் வரை மரபிலிருந்து வருவதாகக் காட்டுகின்றன.

80 வீதம் என்றதும் வழக்கு முடிந்துவிட்டதாகப் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று விளங்க, அளவுப் பலகையை விட்டுக் கொஞ்சம் தேயிலை மலைக்குள் இறங்க வேண்டும்.

பழைய மலைகளில் நிற்பது விதைத் தேயிலை. தேயிலைப்பூ தன் மகரந்தத்தை ஏற்பது அரிது. பக்கத்துச் செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. ஒரே நிரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளில் ஒன்றின் இலை அகலம், மற்றதன் இலை ஒடுக்கம். ஒன்று முந்தித் துளிர்க்கும், மற்றது பிந்தும். கொழுந்து பறிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு வந்தது வி.பி. தேயிலை. தாய்ச்செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் கணுவுமாக வெட்டிய துண்டைத் தவறணையில் வேர்பிடிக்க வைத்து நடுவது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தந்த டி.ஆர்.ஐ. 2025 போன்றவை இப்படித்தான் மலை மலையாகப் பரவின. ஒரு மலை முழுவதும் மரபணுவில் ஒரே செடி.

இப்போது வி.பி. மலையில் செடிக்குச் செடி விளைச்சலை அளந்து பாருங்கள். மேட்டில் மேல்மண் கழுவுண்டுபோன இடத்துச் செடி நோஞ்சான். கான் ஓரத்துச் செடி தளதளவென்று நிற்கும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அந்த வித்தியாசத்தில் மரபின் பங்கு பூச்சியம். எல்லாமே ஒரே மரபணு அல்லவா? அதே அளவை, ஒரே சீரான மண்ணும் பசளையும் நிழலும் கொடுத்த விதைத் தேயிலை மலையில் எடுத்தால் மரபின் பங்கு 100ஐ நெருங்கும். ஒரே பயிர், ஒரே பண்பு. ஒரு மலையில் 0, இன்னொரு மலையில் 100. ஆகவே மரபுப் பங்கு என்பது செடிக்குள் இருக்கும் குணம் அல்ல; குறித்த ஒரு கூட்டத்துக்குள், குறித்த நிலைமையில், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பங்கு பிரிக்கும் கணக்கு. எல்லாருக்கும் போதிய சாப்பாடும் மருந்தும் கிடைக்கும் நாட்டில் அந்தக் கணக்கில் மரபின் பங்கு பெருகும். சுற்றுச்சூழல் வித்தியாசம் அங்கே குறைவு என்பதுதான் அதற்குக் காரணம். இரட்டையர் ஆய்வுகளின் 80 வீதம் பெரும்பாலும் அப்படிப்பட்ட நாடுகளில் எடுத்தது.

அடுத்த படியை 1970இல் ரிச்சர்ட் லெவொன்டின் எடுத்தார். ஒரே சாக்கு விதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரே சீராக வளமான நிலத்திலும் மறு பாதியை ஒரே சீராகக் கெட்ட நிலத்திலும் விதையுங்கள். ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் செடிக்குச் செடி உள்ள வித்தியாசம் முழுக்க விதையால் வந்தது. இரண்டு நிலங்களின் சராசரிக்கும் இடையிலான வித்தியாசமோ முழுக்க மண்ணால் வந்தது. உள்ளே 100 வீதம் மரபு, இடையே 0. அதாவது ஒரு லயத்தில் ராமனை விட லட்சுமணன் கட்டையாக இருப்பதற்கு மரபணு காரணமாக இருக்கலாம். தோட்டத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றி அந்த 80 வீதம் ஒரு வார்த்தையும் சொல்லாது. பரம்பரைக் கட்சியின் மிகப் பெரிய ஆயுதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

மலைநாட்டில் இதற்கு ஆய்வுகூடமே தேவைப்படவில்லை. 2021இல் அரசு இரசாயனப் பசளையைத் தடை செய்தது. அந்த வருடம் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, அடுத்த வருடம் சுமார் 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. டி.ஆர்.ஐ. 2025இன் மரபணு பன்னிரண்டு மாதத்தில் மாறவில்லை. எந்தத் துரையும் தேயிலையின் பரம்பரையைக் குறை சொல்லவில்லை. பசளை கொடு என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். கொழுந்து குறைந்தால் மண்ணைச் சோதனைக்கு அனுப்பத் தெரிந்த ஒரு தொழில், பிள்ளையின் உயரம் குறைந்தால் மட்டும் பாட்டன் பூட்டனை விசாரிக்கிறது.

இதுவரை காட்டியது, 80 வீதத்தை வைத்து மரபணு வாதத்தை நிறுவ முடியாது என்பதை மட்டுமே. வாதம் பொய் என்று இன்னும் காட்டவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு இடையே மரபணு வித்தியாசம் இருக்கவும் கூடுமே. அதற்கு நேரடிச் சாட்சி வேண்டும்.

பனகாரியா குறைகூறும் அளவுகோலிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத, வசதிக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் உயர வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு வந்தது 3 வீதம் மட்டும். ஒரே நாட்டுக்குள் ஆளுக்கு ஆள் வந்தது 70 வீதம். ஒஸ்லோப் பிள்ளையும் அக்ராப் பிள்ளையும் தெற்கு டில்லிப் பிள்ளையும் முதல் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தார்கள். தெற்கு டில்லியின் வசதி படைத்த குடும்பங்கள் எங்கே, டிக்கோயாவின் லயத்துக் குடும்பம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இந்தச் சாட்சி மட்டும் போதாது.

இரண்டாவது சாட்சியைத் தட்ட முடியாது. 2017இல் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ இதழில் இந்தியப் பிள்ளைகளையும் ஆபிரிக்கப் பிள்ளைகளையும் பிறப்பு வரிசைப்படி பிரித்துப் பார்த்தார்கள். தலைப்பிள்ளைகளில் இந்தியர் பின்தங்கவில்லை. இரண்டாவது பிள்ளையில் இடைவெளி திறக்கிறது, மூன்றாவதில் இன்னும் விரிகிறது. மூத்தவனும் இளையவனும் ஒரே தாய் தகப்பனின் மரபணுக்களையே பெறுகிறார்கள். நிறமூர்த்தங்களுக்குப் பிறப்பு வரிசை தெரியாது. மூத்த மகனுக்கு வீடு கொடுக்கும் கவனம் இளையவர்களுக்குக் கிடைக்காததே காரணம் என்பது அவர்கள் கூறும் விளக்கம். அதே காரணம் தோட்டங்களிலும் வேலை செய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பனகாரியாவின் வாதம் எந்தத் தரவின் மேல் நின்றதோ, அதே வகைத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது மரபணு விளக்கத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது என்பதே இங்கு முக்கியம்.

அப்படியானால் சாகாமல் பிழைக்கும் பிள்ளை வளராமல் நிற்பது ஏன் என்ற அவருடைய புதிர்? உயிரைக் காப்பாற்றுவதும் உயரத்தைக் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள். தடுப்பூசியும் நுண்ணுயிர்க் கொல்லியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சாவைத் தடுக்கும். தாயின் உடலில் இல்லாத சத்தை அவை கொண்டுவராது. கர்ப்பம் தரிக்கும் முன்பே எடை குறைந்த பெண்கள் இந்தியாவில் 42 வீதம், சகாரா தெற்கு ஆபிரிக்காவில் 16.5 வீதம் என்று டயான் காஃபி 2015இல் காட்டினார். புதிரின் திறவுகோல் அங்கே இருக்கிறது. பனகாரியா பார்த்தது உண்மையான முரண். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பிழை.

இனி எங்கள் மலை. இங்குள்ள மக்கள் வானத்திலிருந்து வந்த தனி இனம் அல்ல. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கோப்பிக் காலத்தில் தொடங்கி, தேயிலைக் காலம் முழுவதும் வந்தவர்களின் வழியினர். சிறு கூட்டம் ஒன்று பிரிந்து போய்த் தனித்துவிட்டால் அதன் மரபணுக் கலவை தற்செயலாக ஒரு பக்கம் சாயலாம் என்பது பிறப்புரிமையியல் அறிந்த விஷயம்தான். ஆனால் வந்தவர்கள் லட்சக்கணக்கில். 1939இல் இந்திய அரசு கூலி ஆட்கள் இலங்கைக்கு வருவதைத் தடுக்கும் வரை போக்குவரத்து ஓயவில்லை. ஊருக்குப் போய்ப் பெண் எடுத்து வருவதும் நிற்கவில்லை. சாய்வதற்கு வாய்ப்பே இல்லாத அளவுக்குப் பெரிய, திறந்த கூட்டம். அந்த மூதாதையர் ஊர்கள் இருக்கும் தமிழ்நாட்டில் உயரம் எட்டாத பிள்ளைகள் 2005-06இல் 30.9 வீதம், 2015-16இல் 27.1, 2019-21இல் 25. இறங்கிக்கொண்டே வருகிறது. எங்கள் தோட்டங்களில் 2006-07 ஆய்வில் 40 வீதம், 2016இல் 31.7. நாட்டு விகிதம் ஏறக்குறைய 17லேயே நிற்க, தோட்ட விகிதம் மட்டும் பத்து வருடத்தில் எட்டுப் புள்ளி இறங்கியிருக்கிறது. மரபணு பத்து வருடத்தில் இப்படி நகராது. ஒரு தலைமுறைக்குக் கூட அது போதாத காலம்.

குவாத்தமாலாவின் மாயா மக்களைப் பற்றியும் இதே கதையைச் சொன்னார்கள். கோப்பித் தோட்டங்களில் உழைத்த, உலகிலேயே மிகக் கட்டையான மக்களில் ஒரு சாரார். இனமே அப்படி என்று முடிவுகட்டியிருந்தார்கள். உள்நாட்டுப் போரில் ஓடிப்போய் ஃபுளோரிடாவிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளை மானிடவியலாளர் பெரி போகின் அளந்தபோது, குவாத்தமாலாவில் வளர்ந்த அதே வயது மாயாப் பிள்ளைகளை விட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரம். பெற்றோரின் மரபணு அதேதான். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாகப் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் நமக்கு எத்தனை! நீலகிரியில் ஒரு கிளை, நோர்வூட்டில் ஒரு கிளை, கனடாவில் ஒரு கிளை. பேரப்பிள்ளைகளை ஒரே கோலால் அளக்க எந்த ஆய்வாளருக்காவது மனம் வந்தால் இந்த வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பரம்பரைக் கட்சிக்கு இன்னும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது, அதுவே அதன் நல்ல வாதம். சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன் முறை நம்மிடம் உரிமை. முறைப்பெண்ணைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்குத் தன் மரபணுக்களில் பதினாறில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூதாதையின் பிரதியாக அமைய வாய்ப்பு. அக்காள் மகளைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. பின்னிடைவான குறைகள் அப்போது ஜோடி சேரும். இது உயரத்தையும் தொடுகிறது என்பது உண்மை. 2015இல் நேச்சர் இதழில் 354,224 பேரை வைத்து வந்த ஆய்வு, முதல்முறை உறவுத் திருமணத்தில் பிறந்தவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் கட்டை என்று கணித்தது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இரு பக்கமும் உயரங்கள் ஒரே அகலத்தில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், 17.3க்கும் 31.7க்கும் இடையிலான வித்தியாசம் சராசரியில் அரை நியம விலகலுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வயதுப் பிள்ளையில் சுமார் 2 சென்டிமீட்டர். (சராசரியில் இவ்வளவு சிறிய இறக்கம், கோட்டுக்குக் கீழே நிற்பவர்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருமே குள்ளர் என்று எண்ணிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) நான்கில் ஒரு திருமணம் முறைப்பெண்ணோடு நடப்பதாகவும், நாட்டின் மற்றப் பகுதிகளில் அது நடப்பதே இல்லை என்றும் பரம்பரைக் கட்சிக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். வளர்ந்தவரின் 1.2 சென்டிமீட்டரைப் பிள்ளையின் அளவுக்குக் குறைத்து நான்கால் பிரித்தால், சராசரியில் வருவது சுமார் 0.2 சென்டிமீட்டர். இடைவெளியில் பத்தில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக நடந்ததென்று இரட்டிப்பாக்கினாலும் ஐந்தில் ஒன்றுதான். இன்னொரு புறம், சொந்தத்தில் கட்டுவது அரிதான பீகாரில் 2019-21இல் உயரம் எட்டாத பிள்ளைகள் 42.9 வீதம், சொந்தம் விடாத தமிழ்நாட்டில் 25. உறவுத் திருமணம்தான் முக்கியக் காரணமென்றால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்க வேண்டும். உறவுத் திருமணத்தைத் தவிர்க்கச் சொல்ல நல்ல காரணம் உண்டு: தலசீமியா போன்ற நோய்களின் காவிகள் இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அந்த அறிவுரையை அந்தக் காரணத்துக்காகவே சொல்லலாம். உயரத்தை அதற்குள் இழுக்கத் தேவையில்லை.

பாட்டியின் கண் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளும் கட்டை, மகளும் கட்டை, பேரப்பிள்ளையும் கட்டை. அவள் கண்டது மூன்று தலைமுறை. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது மரபணு மட்டும் அல்ல என்பதுதான் அவளுக்கு யாரும் சொல்லாதது. 1938இல் கேம்பிரிஜில் வோல்டனும் ஹமண்டும் ஷயர் என்ற மிகப் பெரிய குதிரை இனத்தையும் ஷெட்லண்ட் மட்டக்குதிரையையும் இரு வழியிலும் கலந்தார்கள். இரண்டு பக்கமும் குட்டிக்குப் பாதி ஷயர், பாதி ஷெட்லண்ட். ஷயர் தாயின் குட்டி பெரிதாகவும், ஷெட்லண்ட் தாயின் குட்டி சிறிதாகவும் பிறந்தது. கருப்பை அளந்து கொடுத்த இடம் அது. வளர்ச்சி குன்றிய சிறுமி குறுகிய உடலோடு தாயாகிறாள். இரத்தச்சோகையோடு மலையேறி, கூடை சுமந்து, எடை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். அந்தப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போகிறாள். காலையில் கோதுமை ரொட்டியும் சம்பலும். அதோடு குடிக்கும் சாயத்தண்ணி, உணவிலுள்ள கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. மகளாகப் பிறக்கப்போகும் கருவில், அவளுடைய சூல்முட்டைகளும் அப்போதே உருவாகிவிடுகின்றன. ஆக, ஒரு தாயின் பட்டினி ஒரே நேரத்தில் மகளையும் பேரப்பிள்ளையின் விதையையும் தொடுகிறது. இப்படி வருவதும் தலைமுறையாகத்தான் வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம், இதை நிறுத்த முடியும்.

சுற்றுச்சூழல் கட்சியையும் சும்மா விடக்கூடாது. சாப்பாட்டுப் பொதி கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் சாட்சி பலவீனம். 1969 முதல் 1977 வரை குவாத்தமாலாக் கிராமங்களில் நடந்த ஆய்வில், புரதக் கூழ் குடித்த பிள்ளைகள் மூன்று வயதில் சுமார் 2.5 சென்டிமீட்டர் மட்டுமே கூடுதலாக வளர்ந்தார்கள். ஊர் மாறியபோது மாயாப் பிள்ளைகளுக்குக் கிடைத்த 10 சென்டிமீட்டர் எங்கே, இது எங்கே? தண்ணீரும், கழிவறையும், 10க்கு 12 அடி அறையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயும், தாயின் ஓய்வும், கையில் வரும் கூலியும் சேர்ந்து மாறினால்தான் பெரிய மாற்றம். இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பின்னர் பிடிப்பது கடினம் என்பதால், இன்று எல்லாவற்றையும் சரிசெய்தாலும் இன்றைய தாய்மாரின் உடல் நாளையே மாறாது. திரிபோஷா சத்துமா கொடுத்தும் வளரவில்லையே, ஆகவே பரம்பரைதான் என்ற முடிவு அவசரத்தில் வந்தது. மலையின் உயரமும் பிள்ளையின் வளர்ச்சியைச் சற்றுக் குறைக்கலாம் என்று பல நாட்டுத் தரவுகள் காட்டுகின்றன. அதுவும் மரபணு அல்ல, ஆனால் கணக்கில் எடுக்க வேண்டியது.

ஆக, தீர்ப்பு இது. ஒரு குடும்பத்துக்குள், ஒரு லயத்துக்குள், யார் நெட்டை யார் கட்டை என்பதற்கு மரபணு நல்ல விளக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பிள்ளைகளை விடக் குறைந்து நிற்பதற்கு அது விளக்கம் ஆகாது. உறவுத் திருமணத்துக்கு மிகத் தாராளமாகக் கொடுத்தாலும் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. மிச்சம் முழுவதும் தாயின் உடல், வீடு, தண்ணீர், நோய், கூலி ஆகியவற்றின் கணக்கு. வளர்ச்சிப் பதிவேட்டைக் கையில் எடுக்கும் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் புள்ளி கோட்டுக்குக் கீழே விழும்போது 'பரம்பரை' என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். தாய் கர்ப்பமானபோது என்ன எடை, எத்தனையாவது மாதம் வரை மலையில் நின்றாள், பிள்ளைக்கு இந்த வருடம் எத்தனை தரம் வயிற்றோட்டம் வந்தது என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள்.